பின்னல் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கை இது. பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஜூலையிலும் அக்டோபரிலும் மழை விடவில்லை, ஊட்டியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: புதிதாகச் சேருபவர்கள் கையில் என்ன சாமான் இருக்க வேண்டும்.

முந்தைய ஆண்டு புதிதாக 19 பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதம் தாண்டியவர்கள் 7 பேர். நின்றுவிட்டவர்களில் சிலரை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். வேலை, குளிர் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். ஒரு அக்கா மட்டும் பையை எடுத்துவந்து காட்டினார். உள்ளே 2.75 மி.மீ. ஊசியும் கறுப்பு உல்லனும் இருந்தன. நூலும் ரோமம் ரோமமாக நிற்கிற ரகம். இருபது வருஷமாகப் பின்னுகிற எனக்கே டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) எது, இடைவெளி எது என்று பிடிபடவில்லை. அவரோ தனக்குக் கை வராது என்று முடிவுகட்டியிருந்தார்.

அதனால் இந்த ஆண்டு செயற்குழு ஒரு தொடக்கப் பை தயார்செய்தது. விலை ரூ. 300. 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, வெளிர் நிறத்தில் டபுள் நிட்டிங் எனும் நடுத்தரத் தடிமன் நூல் 100 கிராம், முனை மழுங்கிய தையல் ஊசி, டேப், சின்னக் கத்தரிக்கோல், நாலைந்து சேஃப்டி பின், நழுவிய கண்ணியைத் தூக்க, நுனியில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசி. அவ்வளவுதான். வரிசை எண்ணும் கருவியும் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நோட்டில் பென்சிலால் கோடு போட்டால் போதும் என்று தள்ளிவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஊசி எதில் செய்தது என்பதில்தான் கூட்டம் சூடானது. அலுமினிய ஊசி வழுக்கும். பழகிய கைக்கு அது வேகம், புதுக் கைக்குக் கண்ணி கொட்டிப்போகும். டிசம்பர் காலையில் தொட்டால் ஐஸ் மாதிரி வேறு. மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் பைக்கு மூங்கில் என்று முடிவானது. வட்ட ஊசியை, அதாவது இரண்டு முனைகளை வளையும் வடத்தால் இணைத்த ஊசியை, இரண்டாம் கட்டத்துக்கு விட்டோம். ஸ்வெட்டர் பின்னும்போது பாரம் மடியில் இறங்குவதால் மணிக்கட்டு வலிக்காது என்பது அதன் பெரிய வசதி.

ஊசி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கேத்தி பக்கம் எல்லநள்ளியில் உள்ள ஊசித் தொழிற்சாலையின் கம்பெனி 1949-இல் தொடங்கியது. அவர்களுடைய ‘போனி’ பிராண்ட் ஊசிகளை வெளிநாட்டிலும் வாங்கிப் பின்னுகிறார்கள். நம்மில் பலர் பக்கத்து மலையில் செய்ததென்று தெரியாமலேயே கையில் வைத்திருக்கிறோம்.

நம்பர் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பழைய ஊசிகளில் இருப்பது இங்கிலாந்து நம்பர். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25. அமெரிக்கக் கணக்கு நேர்தலைகீழ், அங்கே 8 என்றால் 5 மி.மீ. ஒரு உறுப்பினர் அமெரிக்க வீடியோ பார்த்து நம் எட்டாம் நம்பரில் பின்னினார். கணவருக்கான ஸ்வெட்டர் பத்தாம் வகுப்புப் பையனுக்குப் போனது. (ஏழாம் நம்பர் மட்டும் இரண்டு ஊரிலும் 4.5 மி.மீ.தான், அது தற்செயல்.) இனி சங்கத்தில் எல்லோரும் மில்லிமீட்டரிலேயே பேசுவோம்.

நூல் வாங்குவதில் நானே ஏமாந்தேன். ஒரு கடையில் சுத்தக் கம்பளி என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நுனியைக் கத்தரித்து, தட்டில் வைத்துக் கொளுத்தினேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கலாம். இதுவோ உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. அக்ரிலிக்! அக்ரிலிக்கில் தப்பில்லை. விலை மலிவு, துவைக்க எளிது, முதல் மப்ளருக்கு அதுவே நல்லது. கம்பளி விலைக்கு வாங்கியதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்று, லேபிளில் இருக்கும் சாய எண். ஒரே நிறமானாலும் சாயத்தொட்டி மாறினால் சாயல் மாறும். தேவையானதைவிட ஒரு உருண்டை கூடுதலாக, ஒரே எண்ணில் வாங்கிவிடுங்கள். போதவில்லையென்று போன மாதம் நான் தனியாக வாங்கிய உருண்டையால் ஒரு கை மட்டும் கருத்துப்போன ஸ்வெட்டர் ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

அளவு பார்க்கச் சின்னதாய் ஒரு மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவது நம் சங்கத்தின் தீராத வியாதி. டபுள் நிட்டிங் நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் 10 செ.மீ.க்குச் சுமார் 22 கண்ணி வர வேண்டும். 88 கண்ணி ஏற்றினால் 40 செ.மீ. சுற்றளவில் குழந்தைத் தொப்பி. கை தளர்ந்து 20 வந்தாலோ அது 44 ஆகிவிடும். ஜனவரியில் நடந்த தொப்பிப் பயிற்சியில் மூக்குவரை இறங்கிய தொப்பிகளை எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம்.

பை வாங்கியவர்கள் 16 பேர். மார்ச் கூட்டத்துக்கு 12 பேர் வந்தார்கள். கறுப்பு உல்லன் அக்காவும் அதில் ஒருவர், இப்போது மஞ்சள் நூலில் மப்ளர் பாதி முடித்திருக்கிறார்.

சங்கத்து அலமாரியில் மழைக்காலத்தில் பூச்சி அரித்து இரண்டு சிட்டம் கம்பளி வீணானது. மிச்சத்தை வெயிலில் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வேப்பிலையோடு வைத்திருக்கிறோம்.

இரவல் போன 3.25 மி.மீ. ஊசிகளில் மூன்று ஜோடி இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் என்று நோட்டில் இருக்கிறது, இங்கே வாசிக்க மாட்டேன். அடுத்த கூட்டத்துக்குள் அலமாரியில் வைத்துவிட்டால் போதும்.

அறிக்கையை ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்