சொக்குவுக்கு, பேனிங் படங்கள் பற்றி

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

இங்கே எல்லாரும் நலம். வெயில் ஏறிவிட்டது. திருவிழாவை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸ்களும் சுவரில் ஏறிவிட்டன.

இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடத்தில் நீ பேனிங்கில், அதாவது ஓடும் காரோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறம் அருமை. ஆனால் பாதிப் படங்களில் கார் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. மீதிப் படங்களில் மூக்கு தெளிவு, வால் கலங்கல். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் வகைக்குக் காரணம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம். 1/1000 நொடி வைத்திருக்கிறாய். கார் டயர் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் உருளும். மணிக்கு 144 கி.மீ. என்றால் நொடிக்கு 40 மீட்டர், அதாவது 20 சுற்று. 1/1000 நொடியில் சக்கரம் 7 டிகிரிதான் திரும்பும். ஆரங்களை எண்ணிவிடலாம், கார் நிறுத்தி வைத்தது போல இருக்கும். 1/125-இல் 58 டிகிரி, 1/60-இல் 120 டிகிரி. அப்போதுதான் ஆரங்கள் கரைந்து சக்கரம் சுழல்வது தெரியும். 1/250-இல் தொடங்கு, கை பழகியதும் 1/125, அப்புறம் 1/60. 1/30-க்கு அவசரம் வேண்டாம்.

இரண்டாவது வகைக்குக் காரணம் நீ நின்ற இடம். ஷட்டரைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். அந்தத் தடத்தின் 3.7 கி.மீ. நீளத்தில் 12 வளைவுகள் இருக்க, நீ வளைவின் வெளிப்பக்கமாகவே நின்றிருக்கிறாய். அங்கே கார் உன்னைக் கடக்கிறபோதே உடம்பையும் எதிர்ப்பக்கமாகத் திருப்புகிறது. மூக்கு ஒரு வேகத்திலும் வால் வேறு வேகத்திலும் நகர்வதால், ஒன்றைப் பிடித்தால் மற்றது கலங்கத்தான் செய்யும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. உட்பக்கம், வளைவின் மையத்தை ஒட்டி நின்றால் தூரம் அதிகம் மாறாது. கார் ஒரே பக்கத்தைக் காட்டியபடி உன்னைச் சுற்றிப் போகும். முழுக் காரும் தெளிவாக வருவது அங்கேதான். நேர்ச்சாலை என்றால் கார் உனக்கு நேர் குறுக்கே வரும் கணத்தை மட்டும் நம்பு. எங்கே நின்றாலும் தடுப்புக்குப் பின்னால், மார்ஷல் காட்டிய இடத்தில் நில்.

நம் ஊர் வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் 1/60 என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப்/20 வரை மூட வேண்டிவரும். அப்படி மூடினால் படம் மொத்தமும் கொஞ்சம் மழுங்கும், சென்சாரில் ஒட்டிய தூசு ஒவ்வொன்றும் கரும்புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 8 ஃபில்டர் ஒன்று வாங்கிவிடு. வெளிச்சம் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைந்து எஃப்/7.1-க்கு வந்துவிடலாம். லென்ஸைக் கம்பி வேலிக்கு ஒட்டிப் பிடித்தால் வேலியும் கரைந்துபோகும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடு.

பாதத்தை, படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கி வை. இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கி, வரும் காரைத் தூரத்திலேயே பிடித்துக்கொள். உடம்பு முறுக்கு அவிழ்ந்து நேராகும் கணத்தில் ஷட்டர் விழ வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும், இடது கை லென்ஸுக்கு அடியில். ஃபோகஸ் தொடர் முறையில், ஒற்றைப் புள்ளி, ஓட்டுநரின் ஹெல்மெட் மேல். மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடு. விரல் அழுத்தும் அதிர்வில் முதல் படம் பெரும்பாலும் ஆடும். ஷட்டர் மூடிய பிறகும் திருப்புவதை நிறுத்தாதே. கடைசிப் படங்கள் கெடுவது அங்கேதான். உன் கேனான் லென்ஸில் ஸ்டெபிலைசரை மோட் 2-இல் வை. மோட் 1 நீ திருப்புவதையே கை நடுக்கமாக எண்ணி எதிர்த்து இழுக்கும்.

கெட்ட படத்தை உடனே அழிக்காதே. பின்னணியில் ஒரு வெளிச்சப் புள்ளி இழுபட்ட கோட்டைப் பார். உன் கை போன பாதை அதில் அப்படியே பதிந்திருக்கும். கோடு அலை அலையாக இருந்தால் கை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் கார் கலங்கியிருந்தால், நீ காரைவிட முந்தினாய் அல்லது பிந்தினாய்.

பின்னணி கிட்டே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் கோட்டின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் கேமரா நின்ற இடத்திலேயே திரும்புகிறது. 200 மி.மீ. லென்ஸ், 40 மீட்டர் தள்ளிப் போகும் அதே கார், 1/60 என்றால் சென்சாரில் சுமார் 3.3 மி.மீ. இழுபடும். பின்னணியில் பார்க்க வேண்டியது வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருகிறதா என்பதைத்தான். கானாடுகாத்தான் தெருவில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் முன்னால் பைக்கை எடுத்துப் பார், வேகமே தெரியாது. அதே பைக் ஒரு ஜன்னல் வரிசையைக் கடக்கும்போது கோடுகள் பிய்த்துக்கொண்டு வரும். வெறும் வானமும் அந்த வெள்ளைச் சுவர் மாதிரிதான்.

பழக இருங்காட்டுக்கோட்டைக்கே போக வேண்டியதில்லை. 40 மீட்டர் தள்ளி நொடிக்கு 40 மீட்டர் போகும் காருக்குக் கேமரா திரும்பும் வேகம் நொடிக்கு 57 டிகிரி. திருச்சி சாலையில் மணிக்கு 60 கி.மீ. போகும் பைக்கை 17 மீட்டர் தள்ளி நின்று எடுத்தாலும் ஏறக்குறைய அதே வேகம்தான்.

அடுத்த மாதம் நீ வரும்போது வண்டிப் பந்தயத்தையும் எடுத்துவிடுவோம். மாடு ஓடும்போது உடம்பு எழும்பி எழும்பி இறங்குவதால் 1/30-இல் முகம் நிற்காது. 1/80-இல் தொடங்கி 1/60-க்கு இறங்கு. ஃபோகஸ் புள்ளியை மாட்டின் கண் மேல் வை, சாரதியின் கை தானாக உள்ளே வந்துவிடும். கண்மாய்க்கரைப் பக்கம் பனைமரம் நெருக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். வண்டிக்குப் பின்னாலேயே பைக் கூட்டம் வரும், எனவே வண்டி கடந்ததும் ரோட்டுக்குள் இறங்கிவிடாதே. காலை வெயில் முதுகுப்பக்கம் இருக்க, ஆறரைக்கெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அன்புடன்,
பழனியப்பன்