பசியாறியாச்சா என்று கேட்டவருக்கும், பலகாரம் கட்டித் தந்தவருக்கும்

காரைக்குடி சபையாருக்கும் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கும் தோத்திரம், வணக்கம்.

மலேசியாவுக்கு மூன்று வாரச் சிறை ஊழியத்துக்குப் போன நாங்கள் ஐந்து பேரும் சுகமாக ஊர் சேர்ந்தோம். திருச்சியில் விமானம் ஏற்றிவிட்ட வேன்கார அண்ணன், திரும்பும்போதும் விடியற்காலை மூன்று மணிக்கே வந்து நின்றார். டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நன்றிப் பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிறவர் என்பதால் அவரை முதலில் சொல்கிறேன். அடுத்தது மளிகைக்கடை பாய். டிக்கெட் போட்டவர் என் அப்பா பெயரையும் என் பெயரையும் மாற்றிப் போட்டிருந்தார். திருத்தக் கட்டணத்தை இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் அனுப்பிவைத்தவர் பாய்தான்.

காணிக்கை தந்தவர்களின் பெயர்களைப் போதகர் ஐயா ஆராதனையில் வாசித்துவிட்டார். வரவு செலவு ஆலயப் பலகையில் இருக்கிறது.

செக்காலை ஆச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாராவாரம் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிறவர், எங்கள் ஆலய வாசலை மிதித்ததில்லை. நாங்கள் கிளம்புவது தெரிந்து, "வெறுங்கையோடயா போவீக? எங்க ஐயாவும் பினாங்குல பெட்டியடிப் பையனா, வட்டிக்கடையில எடுபிடியா இருந்தவுகதான்" என்று ஒரு டின் மணகோலமும் ஒரு டின் சீப்புச் சீடையும் கட்டித் தந்தார். சிறைக்குள் அது போகவில்லை, ஆச்சி. கடிகாரம், பெல்ட், கைப்பேசி, கிதார் எல்லாமே வாசலோடு நின்றன. இரண்டு டின்னையும் காலி செய்தவர்கள் செம்பனை (பாமாயில் பனை) தோட்டப் பக்கத்துப் பையன்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். அண்ணனோ மாமனோ சிறையில் இருக்கிற பையன்கள். வேதபாடம் எடுக்கப் போனோம்; உண்மையைச் சொன்னால் ஃபுட்சால் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து) ஆடியதுதான் அதிகம். ஆட்டம் முடிந்து வியர்வையோடு உட்கார்ந்தபோதுதான் பேச ஆரம்பித்தார்கள்.

சிறைக்குள் எங்களை அழைத்துப்போனவர்கள் அங்குள்ள தமிழ்ச் சபையார். முஸ்லிம்களிடம் கிறிஸ்தவத்தைப் பரப்புவது அங்கே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். எங்கே நிற்க வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருஷமாக விடாமல் போய்க்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள்தான். மூன்று வாரம் எட்டிப்பார்த்த எங்களுக்கு ஊரில் மாலை போடுவது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

கிதார் இல்லாமல் கைதட்டியே பாடினோம். பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டது: "பசியாறிட்டீங்களாண்ணே?" நம் வீட்டில் காலையில் கேட்கும் அதே வார்த்தை. தயாரித்து வைத்திருந்த பிரசங்கம் எனக்கு அத்தோடு மறந்துபோனது. போதைப்பொருள் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர் அவர். 2023 ஜூலையில் அங்கே கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள். ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களும் மறுபரிசீலனைக்கு மனுப்போடலாம் என்றார்கள். இவருக்கு 30 வருஷமாகக் குறைந்தது. "முப்பது வருஷம் கெடச்சிருக்குண்ணே" என்றார், சொத்து கிடைத்தவர் மாதிரி. சட்டைக் காலரை இரண்டு விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே பேசினார். கழுத்துப் பக்கம் எதுவும் இறுக்கமாக இருந்தால் இன்னமும் தூக்கம் வராதாம்.

அவருடைய தாத்தா தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார். "அங்க ஒரு கண்மாய் இருக்காமே, தண்ணி கெடக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை அந்தக் கண்மாயைப் படம் எடுக்கப் போகிறோம். அச்சுப் போட்டு அங்குள்ள சபையார் மூலம் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணம். காலையில் ஒரு வண்டி தேவைப்படுகிறது; வேன்கார அண்ணனையே திரும்பவும் கேட்க வாய் வரவில்லை. யாராவது தந்தால் உதவியாக இருக்கும்.

கர்த்தருக்குள் அன்புடன்,
வாலிபர் ஐக்கியத்துக்காக