துட்டி கேட்க ஆளில்லாத வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களைப் பற்றிய சிறுகதைகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வங்காளிக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் ஜும்பா லாஹிரியின் கதைகளையெல்லாம் மண்ணைப் பிரிந்த ஏக்கம் என்று கட்டுரையாளர் அடக்கிவிட்டது எனக்குச் சரியாகப்படவில்லை. 1999-இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய முதல் தொகுப்பின் முதல் கதையில், கணவனும் மனைவியும் ஊரை நினைத்து அழவில்லை; இறந்தே பிறந்த குழந்தையைப் பற்றித் தங்களுக்குள் பேச முடியாமல்தான் தவிக்கிறார்கள். இரவு 8 மணிக்கு ஒரு மணி நேரம் மின்சாரம் நிற்கும் சில நாட்களில், முகம் தெரியாத இருட்டில்தான் அவர்களுக்கு வாய் திறக்கிறது.

அந்தக் கதையில், மகளுக்குத் துணையாக வந்து இரண்டு மாதம் தங்கும் மாமியாரிடம் மருமகன் ஒருமுறை குழந்தையின் சாவைப் பற்றிப் பேச்செடுக்கிறான். நீ அங்கே இல்லவே இல்லையே என்கிறாள் அவள். பிரசவத்தின்போது அவன் வெளியூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தான். இந்த இடத்தை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை. நியூஜெர்சியில் இருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறியபோது, நான் போய்ச் சேர ஆறு வாரமாகிவிட்டது. இரவு வெகுநேரம் மாப்பிள்ளை அடுப்படியில் நின்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். மகளின் தலையைத் தடவி அழுத நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்க, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. கையைத் தொட்டுவிட்டு, சற்று நேரம் உட்கார்ந்து, போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து வந்துவிடுவார்கள். அழத் தெரியாத ஆணின் துக்கத்துக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. வயிற்றிலேயே போன குழந்தைக்கு இங்கும் யாரும் துட்டி கேட்பதில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று யாராவது வந்து போய்க்கொண்டிருப்பதால், புருஷனும் பெண்சாதியும் மட்டுமே அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை. அதே தொகுப்பில் வரும் திருமதி சென், தான் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கச் சிறுவனிடம், நான் உரக்கக் கத்தினால் யாராவது வருவார்களா என்று கேட்பது இந்த ஆளில்லாத நிலையைத்தான்.

அதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்பதுமில்லை. ஜவுளிக்கடைச் சம்பளத்தை நம்பிப் பட்டணத்தில் குடித்தனம் நடத்தும் பிரமநாயகம் பிள்ளை, உயிர் அடங்கிய மனைவியின் உடலோடு தனித்திருக்கும் அந்த இரவைப் புதுமைப்பித்தன் 'செல்லம்மாள்' கதையில் எழுதிவிட்டார். அவர் 1948-இலேயே மறைந்தவர். நெல்லையிலிருந்து சென்னைக்குப் போனவர்களின் கதையையும் வங்காளிக் குடும்பங்களில் பிறந்து பாஸ்டனில் வாழ்பவர்களின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஊரைவிட அந்த இரண்டு பேரின் குடித்தனம்தான் முதலில் கண்ணில் படுகிறது. கட்டுரையாளர் தம் அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.