‘வேண்டாம்’ பொத்தான் எங்கே?

ஐயா,

அல்சூரில் இருபது வருடத்துக்கும் மேலாக உங்கள் நாளிதழை வாங்கிப் படிப்பவன். தாளைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. உங்கள் இணையதளம் வாசகரிடம் அனுமதி கேட்கும் விதத்தைப் பற்றித்தான்.

வருகிற தை மாதம் எனக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் வைத்துச் செய்யலாம், மனைவியிடம் கடைசி நேரத்தில் சொல்லலாம் என்று ஓர் ஆசை. அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, வீட்டில் இருவருக்கும் பொதுவான கம்ப்யூட்டரில், ஒரு புக்கிங் தளத்தில் இரண்டு மூன்று லாட்ஜுகளைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மறுநாள் காலை அவள் உங்கள் தளத்தில் ராசிபலன் பார்க்க உட்கார்ந்தாள். கன்னி ராசிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று. மூன்றுமே திருக்கடையூர் லாட்ஜ் விளம்பரம். “ஏங்க, யாருக்கு அறுபதாம் கல்யாணம்?” என்று கேட்டாள். காபி கலந்துகொண்டிருந்த எனக்குப் பேச்சே வரவில்லை.

பெங்களூரில் இதையெல்லாம் விளக்க ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒருவர் சாஃப்ட்வேர். இரண்டாவது மாடிப் பையன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது அந்த ஆளுக்கு நம் முகம் நினைவிருக்காது. நம்பரைப் பார்த்துச் செருப்பை எடுத்துத் தருவார். இணையதளத்துக்கும் முகம் நினைவிருக்காது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே நம்மைப் புது ஆளாகத்தான் பார்க்கும். அதற்காக நம் பிரவுசரில் அது விட்டுவைக்கும் டோக்கன்தான் குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் இதைக் கொண்டுவந்தார். லாகின் நிற்பதும், கூடையில் போட்ட சாமான் அப்படியே இருப்பதும் இதனால்தான். இதுவரை சரி.

தொல்லை மூன்றாம் தரப்புக் குக்கீயில் இருக்கிறது. அதே செருப்பு ஸ்டாண்டில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்து தன் பங்குக்கும் ஒரு டோக்கன் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆட்கள் ஊரில் உள்ள எல்லாக் கோயில் வாசலிலும், மண்டப வாசலிலும், நகைக்கடை வாசலிலும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் அந்த நம்பரைப் பார்த்து, நேற்று எங்கே போனோம், இன்று எங்கே வந்தோம் என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். பெயர்கூடத் தேவையில்லை, நம்பர் போதும். புக்கிங் தளத்திலும் உங்கள் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பது நானா என் மனைவியா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

“அதற்குத்தான் முதலிலேயே அனுமதி கேட்டிருப்பார்களே அங்கிள்” என்றான் பையன். போய்ப் பார்த்தேன். கேட்டிருக்கிறீர்கள்தான். உங்கள் தளத்தின் அடியில் ஒரு பட்டை, முழுக்க ஆங்கிலத்தில். ஏற்றுக்கொள்ள நீல நிறத்தில் பெரிய பொத்தான். மறுக்கப் பொத்தானே இல்லை. சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஏதோ இருந்தது. அதைத் தட்டினால் நீளப் பட்டியல் ஒன்று, எல்லாமே ஏற்கெனவே ஆன் செய்தபடி. ஒவ்வொன்றாக அணைத்துச் சேமிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. தமிழ் மட்டும் படிக்கிற என் மனைவி, அந்தப் பட்டை ராசிபலனை மறைக்கிறதே என்று இத்தனை நாளும் நீலத்தைத் தட்டி வந்திருக்கிறாள். அதற்குப் பெயர் சம்மதமா?

முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஏற்பது சுலபம், மறுப்பது கஷ்டம் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதாக அறிவித்தது. அது அந்நிய தேசம் என்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்களே, அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி. நம் ஊர்க்காரர். பிறகு வந்த 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கீ என்ற சொல் இல்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டும் தரவுக்குச் சம்மதம் கேட்டால், அதை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துப் பார்க்க வசதி தர வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, நிறுவனங்களுக்கு 18 மாதம் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகை தன் வாசகரிடம் தமிழில் கேட்க அவகாசம் எதற்கு?

உங்களுக்காகக் காத்திருக்காமல் வீட்டில் சில வேலைகளை முடித்துவிட்டேன். குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி, அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால் மூன்றாம் தரப்புக் குக்கீ என்று இருக்கும். தடுத்தாயிற்று. இவற்றைத் தாங்களே ஒழிக்கப்போவதாக கூகுள் 2020-இல் அறிவித்து, 2024-இல் பின்வாங்கிவிட்டது. அதனால் நாம்தான் தடுக்க வேண்டும். ஐபோனின் சஃபாரியில் 2020 முதல் தானாகவே தடுக்கப்படுகிறது. பழைய குக்கீகளையும் மொத்தமாக அழித்தேன். அவசரப்பட்டுவிட்டேன். எல்லாத் தளங்களும் என்னை வெளியே தள்ளிவிட்டன. ரயில் டிக்கெட் தளத்தின் பாஸ்வேர்டு நினைவில்லாமல் ஒரு மாலை வீணாயிற்று. அழிக்க நினைப்பவர்கள் முதலில் பாஸ்வேர்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அன்று பிரவுசரின் மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில் தேடியிருந்தால், அதை மூடியதுமே குக்கீயும் போயிருக்கும், என் ரகசியமும் தப்பியிருக்கும். (அதற்காக அதைப் பெரிய கவசம் என்று நினைக்க வேண்டாம். இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நாம் போகிற இடம் தெரியத்தான் செய்யும்.)

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பது எனக்கும் தெரியும். தீபாவளி சமயத்தில் முதல் பக்கம் முழுக்கப் புடவை விளம்பரம் வந்தபோதுகூட நான் முணுமுணுத்ததில்லை. அந்தப் புடவை என் பின்னால் வரவில்லையே.

அந்தப் பட்டையைத் தமிழில் போடுங்கள். ‘ஏற்கிறேன்’ என்பதற்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதைத் தட்டினாலும் ராசிபலன் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.