தளம் போடும்போதே ஒரு குழாய் விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூட்டுக் குடும்பங்களில் இணையம் விட்டுவிட்டு வருவதற்கு விளையாட்டே கதியென்று கிடக்கும் பிள்ளைகள்தாம் காரணம், மாலையில் அவர்களுடைய கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சென்ற இதழில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. அதே தீர்ப்பை நாங்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னோம். நான்கு மாதம் அதை நிறைவேற்றவும் செய்தோம். அது முழுக்க முழுக்கத் தவறு என்பதை இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை தண்டிக்கப்படுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்களுடையது மூன்றடுக்கு வீடு. கீழே மாமியார், முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேல் கொழுந்தனார் குடும்பம். இணைய இணைப்பு ஒன்றே ஒன்று. கட்டணத்தை இரு குடும்பமும் பாதிப் பாதியாகக் கட்டுகிறோம். தெருக் கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழைக் கேபிள் கீழ்க்கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள ரூட்டரில் வந்து முடிகிறது. தூசி படியக் கூடாதென்று அத்தை தம் கையால் பின்னிய துணியை அதன்மேல் போர்த்தியிருந்தார்.

நான் தமிழாசிரியை. வாரத்தில் மூன்று நாள் மாலை 7 மணிக்கு இணையம் வழியாக வகுப்பு எடுக்கிறேன். பதினோரு பிள்ளைகள். அவர்களில் நால்வர் பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து சேர்கிறார்கள். அங்கும் இங்கும் ஒரே நேரம் என்பது பெரிய வசதி. ஆனால் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் படம் உறைந்துவிடும். "வாழை, தாழை, பேழை" என்று சொல்லிக்கொடுக்கும்போது நாக்கு மடிய வேண்டிய அந்த இடத்திலேயே ஒலி அறுந்துபோகும். மீண்டும் வரும்போது ஒரு சிறுமி "வாலை" என்று உருப்போட்டுக்கொண்டிருப்பாள். அவளை எப்படித் திருத்துவது? அவள் காதில் விழுந்தது அதுதான். ழகரத்தை இந்தத் தீவில் ஒரு பிள்ளையின் வாயில் கொண்டுவர எவ்வளவு பாடுபடுகிறோம் என்று தமிழ் கற்பிக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

இணைய நிறுவனத்துக்குச் சொன்னோம். பணியாளர் ஒருவர் காலை 11 மணிக்கு வந்து அளந்து பார்த்து, வேகம் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போனார். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினோம். பணம் போனதுதான் மிச்சம். கடலடிக் கேபிளில் பழுதாக இருக்கும் என்றார் கொழுந்தனார். 2002-இல் வந்த சேஃப் கேபிள் ஒரு பக்கம் தென்னாப்பிரிக்காவுக்கும், மறுபக்கம் கொச்சி வழியாகப் பினாங்குக்கும் போகிறது. அதில் பழுது வந்தால் இங்கே இணையம் மந்தமாவது உண்மைதான். ஆனால் அப்படிப் பழுது வரும் நாளில் வெளிநாட்டு இணையதளங்கள்தாம் தடுமாறும். எங்களுக்கோ உள்ளூர் வங்கியின் பக்கம்கூடத் திறக்கவில்லை.

எஞ்சியது கொழுந்தனார் மகன். பதினாறு வயது. மாலையில் நண்பர்களோடு இணையத்தில் விளையாடுவான். குற்றவாளி கிடைத்துவிட்டதாக எல்லாரும் நிம்மதி அடைந்தோம். ஆறரை மணிக்கு அவனுடைய கைப்பேசி அத்தையின் அலமாரிக்குள் போய்விட வேண்டும் என்று முடிவானது. முதலில் சொன்னவள் நான்தான்.

கைப்பேசி அலமாரியில் இருந்த நாட்களிலும் 7.10-க்கு வகுப்பு அறுந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அவன் கவனித்தான். ஒரு நாள் மாலை, வகுப்பு நின்றுபோன நேரம் பார்த்து, கையில் ஒரு சிறு கேபிளோடு வந்தான். "பெரியம்மா, உங்கள் மடிக்கணினியைக் கீழே கொண்டுவாருங்கள்" என்றான். ரூட்டரில் நேரடியாகக் கேபிளைச் செருகினான். வகுப்பு மறுபடி உயிர்பெற்றது, பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கேபிளை எடுத்து வைஃபைக்கு மாற்றினான், மீண்டும் திணறியது. மூன்று முறை மாற்றி மாற்றிக் காட்டினான்.

வாசகர்கள் இந்த ஒரு சோதனையை மட்டுமாவது செய்து பார்க்க வேண்டும். தொல்லை நடக்கும் அதே வேளையில் செய்ய வேண்டும், காலை 11 மணிக்கு அல்ல. கேபிளிலும் இணையம் தடுமாறினால் நிறுவனத்தைக் கேளுங்கள். கேபிளில் சீராக ஓடி வைஃபையில் மட்டும் திணறினால், தொல்லை உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது.

அது எங்கள் சுவர்களிலும் தளங்களிலும்தான் இருந்தது. 1960 ஜனவரியில் அலிக்ஸ், அடுத்த மாதமே கரோல் என்று இரண்டு புயல்கள் இந்தத் தீவைச் சூறையாடின. கரோலின்போது மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. மாமனாரின் தந்தை கட்டிய தகர வீடு அதில்தான் போயிற்று. அதன் பிறகு இங்கே வீடென்றாலே கான்கிரீட் என்றாயிற்று. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தளமும் அரை அடி கனம், உள்ளே நெருக்கமான இரும்புக் கம்பி வலை. புயலைத் தடுக்கும் தளம் வைஃபை அலையையும் தடுக்கிறது. கான்கிரீட் அலையை உறிஞ்சுகிறது, கம்பி அதைத் திருப்பி எறிகிறது. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தைக் கடப்பதற்குள் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்றுத் தாக்குப்பிடித்தாலும் இரண்டு தளம் தாண்டும்போது அதிலும் மிச்சம் சொற்பம். போதாததற்கு அந்த அலைவரிசையில் அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் போட்டிக்கு நிற்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில்தான் இயங்குகிறது.

இரண்டாம் மாடியில் இருப்பவர்களுக்குத்தானே சிக்னல் குறைவு, முதல் மாடியில் இருக்கும் எனக்கு ஏன் அறுந்தது? அங்கேதான் நான் பாடம் கற்றேன். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். தொலைவில், மங்கிய சிக்னலில் இருக்கும் கைப்பேசி மிக மெதுவாகப் பேசும். அது பேசி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். மாலை 7 மணிக்குக் கொழுந்தனார் வீட்டார் வேலையிலிருந்து திரும்பியிருப்பார்கள். அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் அவர்களுடைய கைப்பேசிகள் தாமாகவே இணையத்தில் ஏற்றத் தொடங்கும், அதுவும் இரண்டு தளங்களுக்கு மேலிருந்து, ஊர்ந்து ஊர்ந்து. தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் என் வகுப்பு ஏன் அடியோடு நின்றுபோயிற்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பிள்ளையின் விளையாட்டோ? இத்தகைய பெரும்பாலான விளையாட்டுகளுக்கு மணிக்கு 100, 150 எம்.பி. போதும். விளையாட்டைப் புதிதாக இறக்கும்போதுதான் பெரும் அளவு செலவாகும். உயர்தர வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும். பெரியவர்களாகிய நாங்கள் பார்த்த தொடர்களின் கணக்கை யாரும் கேட்கவில்லை.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவனுடைய பெற்றோர் முன்னிலையிலேயே. "பரவாயில்லை பெரியம்மா" என்றான். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. நான்கு மாதம் நண்பர்களோடு பேச வழியில்லாமல் தனியே உட்கார்ந்திருந்தவன் அவன்.

பிறகு பழுது நீக்கும் வேலை. படிக்கட்டின் மேல்முனையில், வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரெப்பீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். கைப்பேசியில் நான்கு கோடும் நிறைந்தன, இணையம் மட்டும் வரவில்லை. அந்தக் கோடுகள் கைப்பேசிக்கும் ரெப்பீட்டருக்கும் நடுவிலுள்ள சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. ரெப்பீட்டருக்கே கீழிருந்து சரியாக எட்டாதபோது அது எதைத் திருப்பிச் சொல்லும்? மாடிக்குக் கேபிள் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தளத்தைத் துளைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெளிச்சுவரில் தொங்கவிட்டால் அடுத்த புயலுக்குத் தாங்குமா என்ற கவலை வேறு.

வழி காட்டியவர் அத்தை. கூரையில் தொலைக்காட்சி ஆன்டெனா நின்ற காலத்தில், அதன் கேபிள் கீழே இறங்குவதற்காக மாமனார் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் விட்டிருந்தாராம். பிற்பாடு அடுக்குகள் எழும்பியபோதும் விடாமல் அதை மேலே நீட்டிக்கொண்டே போயிருக்கிறார். பெயின்டைச் சுரண்டியதும் கீழ்க்கூடத்தில் குழாயின் வாய் தெரிந்தது. உள்ளே பழைய ஆன்டெனா கேபிள் அப்படியே இருந்தது. புதிய கேபிளின் நுனியை அதோடு சேர்த்து நாடாவால் இறுகச் சுற்றினோம். கொழுந்தனார் மேலிருந்து மெல்ல மெல்ல இழுக்க, அவர் மகன் கீழிருந்து சிக்கில்லாமல் ஊட்டினான். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. அத்தை தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கேபிளில் தடவினார். பழைய கேபிள் முழுவதும் வெளியே வந்து புதியதன் நீல நிறம் இரண்டாம் மாடியில் தலைகாட்டியபோது அத்தையின் கண்கள் கலங்கின. மாமனார் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஈதர்நெட் எனப்படும் இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். எங்களுக்கு இருபது மீட்டர்கூடத் தேவைப்படவில்லை. கூடுதல் வேகத் திட்டத்துக்கு மூன்று மாதம் கட்டிய பணத்தில் பாதிக்குள் வேலை முடிந்தது.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் செய்யாமலிருக்க. கேபிளின் மறுமுனையில் கொழுந்தனாரிடம் இருந்த பழைய ரூட்டரை அப்படியே மாட்டினோம். மறுநாள் முதல் ஒருவருக்கு வரும், அடுத்தவருக்கு வராது. அணைத்துப் போட்டால் முறை மாறும். எபெனிலுள்ள நிறுவனமொன்றில் வேலைபார்க்கும் என் மகள்தான், வேலை செய்யும் கைப்பேசியில் வாசல் முகவரி, அதாவது அது எந்த ரூட்டர் வழியாக வெளியே போகிறது என்பதைக் காட்டும் எண், 192.168.1.1 என்றும் செய்யாததில் 192.168.0.1 என்றும் இருப்பதைக் கண்டாள். வீட்டுக்குள் வரும் கருவிக்கு முகவரி கொடுப்பது ரூட்டரின் வேலை. இரண்டு ரூட்டரும் ஆளுக்கொரு முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தன. மேல் ரூட்டரில் முகவரி வழங்கும் வசதியை நிறுத்திவிட்டு வைஃபையை மட்டும் இயங்கவிட்டோம். கேபிள் முன்பே அதன் வெளியிணைப்புத் துளையில் (WAN) அல்லாமல் சாதாரணத் துளையில்தான் இருந்தது, அதை அப்படியே விட்டோம். அதோடு முடிந்தது.

இப்போது வகுப்பு அறுவதில்லை. அந்தச் சிறுமி "வாழை" என்கிறாள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மகன் தலையெடுத்தால் மேலே கட்டிக்கொள்ளட்டும் என்று தூண்களின் இரும்புக் கம்பிகளைக் கூரைக்கு மேல் நீட்டிவிடுவது இந்த ஊர் வழக்கம். அந்த அக்கறையோடு அடுக்குக்கு அடுக்கு ஒரு வெற்றுக் குழாயும் விட்டுவையுங்கள். மின்சாரக் கம்பி போகும் குழாயோடு சேர்க்காமல் தனியாக இருக்கட்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நமக்கு இணையம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொத்தனார் தாமாக நினைவுபடுத்த மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

காத்ர் போர்னில் என் தம்பி வீடு கட்டுகிறான். அடுத்த வாரம் தளம் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பி வலையோடு சேர்த்து இரண்டு குழாய்களைக் கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட் உள்ளே இறங்காமலிருக்க வாயில் துணி அடைத்து, பின்னால் கேபிளை இழுப்பதற்கு வசதியாக உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.