வாழ்த்துப் படத்துக்கு முதல் அறிவித்தலைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாழ்த்துப் படம் வந்திருந்தது. முழுப் புலமைப்பரிசிலோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகும் ஒரு தம்பி மாலையோடு நிற்கிறார், ஒரு பக்கம் அதிபர், மற்றப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள். நல்ல விசயம், நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் அதே புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் கோரிய செய்தி உங்கள் பத்திரிகையில் எப்போது வந்தது தெரியுமா? முடிவுத் திகதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே, ஒரு தீப்பெட்டி அளவில்.

நான் துணுக்காய்ப் பக்கத்தில் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், பெறுபேற்றுச் சான்றிதழ் வேண்டும், இரண்டு பரிந்துரைக் கடிதம் வேண்டும். மல்லாவியில் பஸ் ஏறி மாங்குளம் வந்து, அங்கே ஏ9 வீதியில் அடுத்த பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கவே ஒரு நாள் முடிந்தது. இரண்டாம் நாள் கடிதம் தரவேண்டியவர் கொழும்பில் கூட்டத்தில். கடைசி இரவு எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் பிடித்து ஏற்றப் போனால், கோப்பு பெரிது என்று தளம் திருப்பித் திருப்பித் தள்ளியது, அதைச் சின்னதாக்குவது எப்படி என்று நாங்கள் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு மணி அடித்துவிட்டது. அவளுக்குப் புள்ளி போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய புள்ளியை யாரும் பார்க்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் புலமைப்பரிசில் என்றால் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைதான். பத்து வயதுப் பிள்ளைக்கு வலயம் முழுக்கக் கருத்தரங்கு நடக்கும், மாதிரி வினாத்தாள் வரும், நீங்களும் பக்கம் பக்கமாகப் போடுவீர்கள். அதே பிள்ளை பத்தொன்பது வயதில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் புள்ளி ஒரு முடி அளவில் தவறி வீட்டில் இருக்கும்போது, இனி என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. வெளிநாடு என்றால் கனடாவில் மாமா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காணியை ஈடுவைத்து முகவரிடம் கட்ட வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு சொந்தக் காசில் படிக்கப் போவது பற்றி இங்கே கதைக்கவே தேவையில்லை. நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருப்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

இருப்பவற்றில் எனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். இந்திய அரசு ஒவ்வொரு வருடமும் இலங்கைப் பிள்ளைகளுக்கென்று சுமார் 200 முழுப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. நேரு ஞாபகார்த்தத் திட்டம் முதற் பட்டத்துக்கு, மௌலானா ஆசாத் முதுமாணிக்கு, ராஜீவ் காந்தி திட்டம் தகவல் தொழில்நுட்பத்துக்கு. மருத்துவம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். துருக்கி அரசின் புலமைப்பரிசில் ஒவ்வொரு ஜனவரி 10 ஆம் திகதியும் திறந்து பெப்ரவரி 20 இல் மூடும். விண்ணப்பக் கட்டணம் இல்லை, முதற் பட்டத்துக்கு 21 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், விமானச்சீட்டு, தங்குமிடம், ஒரு வருடத் துருக்கி மொழி வகுப்பு எல்லாம் அவர்கள் செலவு. பெண்பிள்ளைகளுக்கென்று பங்களாதேசின் சிட்டகொங்கில் 2008 இலிருந்து ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கே பெரும்பாலான பிள்ளைகள் உதவித்தொகையில்தான் படிக்கிறார்கள், ஆங்கிலம் போதாதவர்களுக்குப் பட்டப்படிப்புக்கு முதல் ஆயத்த வகுப்பும் இருக்கிறது. இதை ஒரு தாயிடம் சொன்னேன். “பங்களாதேசுக்கோ ரீச்சர்?” என்று முகத்தைச் சுளித்தார். அதே தாய் மகனை லண்டனுக்கு அனுப்ப முகவரிடம் எத்தனை இலட்சம் கட்டினார் என்பது ஊருக்கே தெரியும்.

பட்டம் முடித்தவர்களுக்குக் கதவு இன்னும் அகலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் முதுமாணியில் குறைந்தது இரண்டு நாட்டிலாவது மாறி மாறிப் படிக்கலாம், மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். பிரித்தானியாவின் செவ்னிங் ஒரு வருட முதுமாணிக்கு. அண்மைய வருடங்களில் ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடுகிறார்கள். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும் என்றவுடன் எங்கள் பட்டதாரிகள் தளத்தை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே வாசித்தால் அந்த இரண்டு வருடத்தை 2,800 மணித்தியாலம் என்று கணக்குப் பார்க்கிறார்கள் என்பது தெரியும், பகுதி நேர வேலையும் தொண்டு வேலையும் அதில் சேரும். வேலையில்லாப் பட்டதாரி என்று இருந்த காலத்தில் வன்னிப் பிள்ளைகள் எத்தனை தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கெடுப்பு, பயிற்சி, மொழிபெயர்ப்பு என்று அலைந்திருப்பார்கள்! அதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, அந்தந்த இடத்தில் கடிதமும் வாங்கி வைத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொன்று, புலமைப்பரிசில் என்ற பெயரே இல்லாத வழி. அமெரிக்காவில் விஞ்ஞானம், பொறியியலில் கலாநிதிப் படிப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் தனியாகப் புலமைப்பரிசில் தேடிப் போவதில்லை. பல்கலைக்கழகத் துறையே கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் என்று எடுத்து, படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதக் கொடுப்பனவும் கொடுக்கிறது. நாலு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேராக விண்ணப்பிக்கலாம், முதுமாணி இருந்தாக வேண்டும் என்று எல்லா இடத்திலும் இல்லை. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மின்னஞ்சல் போட்டால் பல இடங்களில் தள்ளுபடி செய்கிறார்கள். கேட்க வெட்கப்படுவதால் விடுபட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களில் பொறியியலும் விவசாயமும் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகளும், 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இருக்கும் வவுனியாவின் பிள்ளைகளும் இதை இறுதி வருடத்தில் அல்ல, இரண்டாம் வருடத்திலேயே கேள்விப்பட வேண்டும்.

இன்ரேன்சிப் என்கிற பயிலுநர் பயிற்சியும் இப்படித்தான், பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது. நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துப் பயிலுநர் இடம் கேட்க எடுப்பாக இருக்கும், ஆனால் சம்பளம் கிடையாது, அந்த ஊர் வாடகையை யார் கட்டுவது? ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகம் சில மாத ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கும் மாணவருக்கு விமானச்சீட்டும் தங்குமிடமும் நாட்கொடுப்பனவும் தருகிறது. இந்தப் பெயர் எங்கள் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, தகவல் மட்டும் போதுமா என்றால் போதாது. எங்கள் பிள்ளைகள் உண்மையில் தடக்கி விழும் இடங்கள் வேறு. முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அதன் மொழிபெயர்ப்பில் அப்பாவின் பெயரில் ஒரு ‘எச்’ கூட, அடையாள அட்டையில் அந்த ‘எச்’ இல்லை, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். குடும்பப் பெயர் எது என்று படிவம் கேட்டால் ஒரு பிள்ளை அப்பாவின் பெயரைப் போடும், இன்னொன்று தன் பெயரையே இரண்டு தரம் போடும். கடவுச்சீட்டில் எப்படி வருகிறதோ அப்படியே கடைசிவரை எழுத வேண்டும் என்பதால், கடவுச்சீட்டை முதலில் எடுப்பது நல்லது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சு உறுதிப்படுத்துவதற்கு யாழ்ப்பாணத்தில் 2017 இலிருந்து கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லா ஆவணத்தையும் பறிகொடுத்த குடும்பங்களில் பிரதி எடுக்கும் வேலைக்கே மாதக்கணக்கு போகும். அதை ஒரு நாலு நாள் அறிவித்தலை நம்பித் தொடங்க முடியுமா?

அடுத்தது பரிந்துரைக் கடிதம். இதில் பிழை எங்களில், ஆசிரியர்களில். “இவர் ஒழுக்கமானவர், கீழ்ப்படிவானவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்” என்று கிராம அலுவலரின் நற்சான்றிதழ் மாதிரி ஒரே கடிதத்தைப் பெயரை மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். இருபது வருடமாக நானும் அதைத்தான் செய்தேன். தெரிவுக்குழுவுக்குக் கீழ்ப்படிவு தேவையில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் இந்தப் பிள்ளை கடைசி வாங்கில் இருந்த ஆறு பேருக்குத் திரிகோண கணிதம் சொல்லிக்கொடுத்தாள் என்று எழுதினால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல், அங்கிருந்து வரும் மின்னஞ்சலுக்கு நாங்களே பதில் போட வேண்டும் என்று பல இடத்தில் கேட்கிறார்கள். எங்களில் எத்தனை பேர் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறோம்?

பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதும் கட்டுரை இன்னும் கஷ்டம். சிலர் போரைப் பற்றி ஒரு சொல்லும் எழுத மாட்டார்கள், வேறு சிலர் அதை மட்டுமே எழுதுவார்கள். பட்டதை மறைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பங்கர் பற்றி ஒரு பந்தி போதும், மிச்ச இடத்தில் நீர்ப்பாசனம் படித்து எந்தக் குளத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று எழுது. அது அவர்களுக்கும் விளங்கும்.

முகவர்கள் பற்றி ஒரு வரி. “உனக்குப் புலமைப்பரிசில் சரி, முதலில் இரண்டு இலட்சம் கட்டு” என்று யாராவது சொன்னால் எழும்பி வாருங்கள். நான் மேலே சொன்ன இந்திய, துருக்கி, செவ்னிங் எதற்கும் விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆங்கிலப் பரீட்சைக்குக் காசு போகும், அது உண்மை. அதுவும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே விண்ணப்பிக்கும்போதே கேட்கிறார்களா, இடம் கிடைத்த பிறகு கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். கிழமைக்கு ஒரு நாள், ஒரு கால் பக்கம். இந்த மாதம் எது திறக்கிறது, எது மூடுகிறது, என்னென்ன ஆவணம், எந்த அரசாங்கத்தின் தளம். திறக்கும் அன்றே வரவேண்டும், முடிந்தால் அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஏனென்றால் இவற்றில் பல ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் திறக்கின்றன. விளம்பரக் காசு வராது என்று எனக்குத் தெரியும். இராசிபலனுக்கும் அது வருவதில்லை. தகவலைத் திரட்டி எழுதித் தர நானும், கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த இரண்டு விரிவுரையாளர்களும் தயார், நீங்கள் எழுத்துப்பிழை பார்த்தால் போதும்.

அந்தப் பிள்ளை இப்போது கடவுச்சீட்டு எடுத்துவிட்டாள். புதிய மின்னஞ்சல் ஒன்றும் திறந்திருக்கிறாள், பழையது ஏதோ நடிகரின் பெயரில் இருந்தது, கடவுச்சொல்லும் மறந்துபோயிற்று. கோப்பைச் சின்னதாக்கவும் பழகிவிட்டோம், இரண்டு பேரும். பரிந்துரைக் கடிதத்தை இந்த முறை நான் மூன்று தரம் திருத்தி எழுதினேன். துருக்கிக்கு ஜனவரி 10 இல் திறக்கும். உங்கள் முதலாவது கால் பக்கம் டிசம்பர் முதற் கிழமையில் வந்தால், அவளைப் போல வெட்டியெடுத்துக்கொண்டு வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு மாதம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் உயர்தரக் கணித ஆசிரியை,
மல்லாவி.