பாய் இல்லாத பருமல்

மதுரை

அன்புள்ள சேவியர்,

இங்கே எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மகள் போனில் சொன்னாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய பிறகு இதை நீயே படி. மகளை வாசிக்கச் சொல்லாதே, உன்னை ரெண்டு இடத்தில் திட்டியிருக்கிறேன்.

போன தடவை, கட்டி சார்க் என்ற பழைய இங்கிலீஷ் தேயிலைப் பாய்க்கப்பலைச் சின்னதாக நான் செய்து வைத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். "அருமை" என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தால், நீ எழுதியது இதுதான்: "பாய் இல்லாத பருமல் எதுக்குலே உச்சியில நிக்குது?" பாய் கட்டும் குறுக்குக் கட்டையான பருமலைப் பற்றிய அந்த ஒரு வரியில் என் ஆறு வார வேலை போச்சு!

முதலில் கோபம்தான் வந்தது. தோணி வேறு, இங்கிலீஷ்காரன் கப்பல் வேறு, இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ராத்திரி வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால், நீ சொன்னதுதான் சரி. அந்தக் கப்பலில் ஒவ்வொரு பாய்மரத்திலும் அடியில் உள்ள இரண்டு பருமல்கள்தான் ஒரே உயரத்தில் நிலையாக நிற்கும். மேலே உள்ளவை, தூக்கி இறக்கும் கயிறான ஆஞ்சானில் ஏறி இறங்குபவை. பாய் விரிக்கும்போது மேலே போகும், சுருட்டினால் கீழே இறங்கிவிடும். நான் பாயே கட்டாமல் எல்லாவற்றையும் உச்சியில் ஏற்றி ஒட்டி வைத்திருந்தேன். உங்கப்பா தண்டலாக, அதாவது கேப்டனாக இருந்த தோணியில் சின்ன வயதில் நீ பார்த்தது, அட்டைப் பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த என் கண்ணில் படவில்லை.

சரி, மொத்தத்தையும் அவிழ்த்தேன். அவிழ்த்தபோதுதான் இன்னொரு தப்பும் தெரிந்தது. பாய்மரத்தை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் கயிறுகளை, வலப்பக்கம் முழுவதும் கட்டி முடித்துவிட்டு அப்புறம் இடப்பக்கம் போயிருந்தேன். மரம் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நிஜக் கப்பலிலேயே வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றித்தான் ஏற்றுவார்களாம். பிளாஸ்டிக் மரம் வேறு, இழுத்தால் வில் மாதிரி வளைகிறது. இந்தத் தடவை உள்ளே பித்தளைக் கம்பி செருகிவிட்டேன்.

என்னுடையது 96-ல் ஒரு பங்கு. நிஜத்தில் நடுமரம் மேல்தளத்திலிருந்து 152 அடி, என் மேசையில் 48 சென்டிமீட்டர். கப்பலில் மொத்தம் 11 மைல் கயிறு என்று சொல்வார்கள். அதை 96-ஆல் வகுத்தால் 184 மீட்டர் வருகிறது. அவ்வளவும் நான் கட்டவில்லை, ஆனால் அந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கயிற்றேணிப் படிகள்தான் கொடுமை. நாலு மில்லிமீட்டருக்கு ஒரு படி, ஒவ்வொரு கயிற்றைக் கடக்கும்போதும் ஒரு முடிச்சு. பெட்டியில் ரெடிமேடாகவே ஏணி வந்தது. பார்க்கக் கொசுவலை மாதிரி இருந்ததால் தூக்கிப் போட்டுவிட்டேன். பின்னால் கிராஃப் தாளை ஒட்டி வைத்துக்கொண்டு, தேன்மெழுகில் இழுத்த நூலில் ஒவ்வொன்றாகப் போட்டு, முடிச்சின் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு சொட்டு. ஒரு சாயங்காலத்துக்கு நாலு படி முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள். மெழுகு தேய்க்காமல் பருத்தி நூலில் கட்டிய பழைய கயிறுகள் ஐப்பசி மழையில் விறைத்து, வெயில் வந்ததும் தொய்ந்து தொங்கின. இப்போது எல்லாம் பாலியஸ்டர். நிறுத்தும் கயிறு கருப்பு, தார் பூசிய நிறம். இழுத்து விடும் கயிறு வெளிர் மஞ்சள்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒரு கதை சொல்கிறேன். 1872-ல் இந்தக் கப்பல் ஷாங்காயிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு தெர்மோபிலே என்ற கப்பலோடு போட்டி போட்டு ஓடியது. நன்றாக முந்திக்கொண்டிருந்த நேரத்தில், இந்தியப் பெருங்கடல் புயலில் சுக்கான் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. துறைமுகம் தேடிப் போகாமல், கப்பல் தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் கப்பலில் கிடந்த மரத்தையும் இரும்பையும் வைத்து நடுக்கடலிலேயே புதுச் சுக்கான் செய்து மாட்டினார். லண்டனுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் போனார்கள். ஆனால் இன்று ஜெயித்த கப்பலை யார் நினைக்கிறார்கள்? தோற்றது லண்டன் கிரீனிச்சில் நிற்கிறது, 2007-ல் தீப்பிடித்தும்கூட! என் சின்னக் கப்பலுக்குச் சுக்கானை ஒட்டும்போது கொஞ்சம் கூடுதலாகவே பசை வைத்தேன்.

பருமல்கள் இப்போது இறங்கிவிட்டன. புதுப் படம் வைத்திருக்கிறேன், உன் கண் ஆறட்டும், அனுப்புகிறேன். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் பார்த்துச் சொல்.

அடுத்து தோணிதான் செய்யப்போகிறேன். பெட்டியில் வாங்க முடியாது, மரத்தில் நானே செதுக்க வேண்டும். அதற்கு அளவு வேண்டும். உங்கள் வீட்டு நடையில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்குமே, உங்கப்பா தோணியின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்திருப்பார், பாய்மரத்தைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். நிற்கிறவர் உயரம் தெரிந்தால் மரத்தின் உயரத்தை நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். அது உன் சித்தப்பாதானே? அவர் உன்னை விட உயரமா, குட்டையா?

அன்புடன்,
முருகேசன்